கிரகணத்துக்கு முன் ஆக்கிய சோறு

மாலை ஐந்து மணி பத்து நிமிடத்துக்கு என் மகள் முதல் தடவை வாந்தி எடுத்தாள். நேரம் இவ்வளவு துல்லியமாக நினைவில் நிற்கக் காரணம் உண்டு. சூரியன் முழுவதும் விடுபடும் நேரத்தைப் பார்ப்பதற்காகக் கைக்கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்திருந்தேன். அது முடிந்து கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. கடிகாரத்தைத் திரும்பக் கட்டிக்கொள்ளவும் மறந்து, தொலைநோக்கிக் குழாயைப் பழைய வேட்டியில் சுற்றிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடச் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றவள், "அம்மா, வயித்தப் புரட்டுது" என்றாள். வெயிலில் நின்றதால் இருக்கும் என்று தண்ணீர் கொடுத்தேன். அந்தத் தண்ணீரும் வெளியே வந்தது. அப்போது வேப்பமரத்தடியில் இன்னொரு பிள்ளை உட்கார்ந்துவிட்டது. பிறகு இன்னொன்று.

எண்பதாம் வருடம், பிப்ரவரி மாதம். அன்றைய சூரிய கிரகணம் மதுரையில் முழுக் கிரகணம் இல்லை. ஆனாலும் சூரியனில் பெரும்பகுதி மறையும் என்று செய்தித்தாள்கள் எழுதியிருந்தன. நான் அப்போது மதுரையில் ஒரு பெண்கள் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. ஆசிரியர்களும் கல்லூரிக்காரர்களுமாக நாங்கள் சிலர் சேர்ந்து ஓர் அறிவியல் மன்றம் நடத்தினோம். அதற்கு என்னைத் தலைவி ஆக்கியிருந்தார்கள். தலைவி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனையூரில் ஓர் உறுப்பினர் வீட்டு மாட்டுக்கொட்டகையைக் கழுவிவிட்டு, சனிக்கிழமைதோறும் பிள்ளைகளைக் கூட்டி, அவர்கள் கையாலேயே எதையாவது செய்ய வைப்போம். பவுடர் டப்பாவில் துளை போட்டுக் கேமரா, கிரைப் வாட்டர் பாட்டிலில் மழைமானி, சைக்கிள் பம்பால் காற்றடித்துப் பறக்கவிடும் தண்ணீர் ராக்கெட். ராக்கெட் ஓட்டின்மேல் விழுந்து ஓடு உடைந்தால் பக்கத்து வீட்டுக்காரருக்குப் பதில் சொல்வதுதான் தலைவியின் முக்கியமான வேலை.

தொலைநோக்கியையும், அதற்குள் வைக்கும் குழிக் கண்ணாடி உட்பட, நாங்களே செய்தோம். எண்ணெய் பீப்பாயின் மேல் தடிமனான கண்ணாடி வட்டு ஒன்றைப் பதித்து, அதன்மேல் இன்னொரு வட்டை வைத்து, இரண்டுக்கும் நடுவே கார்போரண்டம் பொடியும் தண்ணீரும் விட்டுத் தேய்க்க வேண்டும். ஒரே இடத்தில் நின்று தேய்த்தால் குழி கோணலாகிவிடும். தேய்த்துக்கொண்டே பீப்பாயைச் சுற்றி நடக்க வேண்டும். பிள்ளைகள் முறைவைத்து நடந்தார்கள். "செக்கு மாடு பரவாயில்ல, அதுக்குப் புண்ணாக்காவது கெடைக்கும்" என்பார் எங்கள் செயலாளர். அவர் மதுரையை அடுத்த பரவைக்காரர், கல்லூரியில் வேதியியல் சொல்லிக் கொடுப்பவர். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். பல மாதம் தேய்த்து, மெருகேற்றி, முதன்முதலில் அதில் நிலவைப் பார்த்த சாயங்காலம் என் மகள் குழாயை விட்டு நகரவே இல்லை. கண்ணை எடுத்தபின் என் சேலையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு ஒன்பது வயது.

கிரகணத்தை ஊருக்குள்ளேயே பார்த்திருக்கலாம். செயலாளர்தான் பரவைக்கு மேற்கே தமக்குத் தெரிந்த ஒரு கிராமத்தில் வைத்துக்கொள்ளலாம் என்றார். "டவுனுக்குள்ள காட்டுனா பேப்பர்ல போடுவாங்க, அம்புட்டுத்தான். கிராமத்துல காட்டுனாத்தான் அக்கா, பயம் போகும்." நாங்கள் எல்லாரும் அதைச் சரி என்றோம். அந்த ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியரும் ஒத்துக்கொண்டார். நிலம் வைத்திருந்த குடும்பங்கள் ஒரு பக்கமும், கூலி வேலைக்குப் போகிற குடும்பங்கள் கால்வாய்க்கு அந்தப் பக்கமும் இருந்த ஊர் அது. இரண்டு பக்கமும் வீடு வீடாகப் போய்ப் பேசினோம்.

கால்வாய்க்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டில் ஆறு வயதில் ஒரு பெண் இருந்தாள். அவளுடைய அம்மாவுக்கு வயிற்றில் ஐந்து மாதம். அப்பா கரும்பு வெட்டுக்குப் போயிருந்தார்.

"புள்ளைய அனுப்புறேன் டீச்சர். ஒரு வாரமா அது என்னையப் பிச்சுத் திங்குது. கண்ணு அவிஞ்சு போயிராதுல்ல?"

"சூரியன நேராப் பார்க்கவே விடமாட்டோம்மா. வெள்ளை அட்டையில உருவம் விழும், அதத்தான் பார்ப்பாங்க."

"சரி. ஆனா என்னைய மட்டும் வெளிய வான்னு கூப்பிடாதீக. மாசமா இருக்கவ வரக்கூடாது."

"நீ வரவேண்டாம். வந்தாலும் ஒண்ணும் ஆகாதுன்னு தெரிஞ்சுக்கோ, போதும்."

"ஒங்களுக்கென்ன, பெத்து முடிச்சுட்டீக" என்று சிரித்தாள். "நான் இனிமேத்தான பெக்கணும்."

எங்கள் பயம் எல்லாம் கண்ணைப் பற்றித்தான். யாராவது ஒரு பிள்ளை தொலைநோக்கிக் குழாய்க்குள் எட்டிப் பார்த்துவிடுமோ என்று எனக்கு இரண்டு வாரம் சரியான தூக்கம் இல்லை. குழாயின் பின்புறம் கண் வைக்க முடியாதபடி தகரத்தை வளைத்து அடித்தோம். சுற்றிலும் கயிறு கட்டினோம். எல்லாவற்றையும் இரண்டு தடவை சரிபார்த்தோம்.

சோற்றைப் பற்றி யாருக்கும் பயம் இல்லை. கிரகணத்தின்போது சாப்பிடக்கூடாது, அதற்கு முன் ஆக்கியது எதுவானாலும் அதில் தர்ப்பைப்புல் போட வேண்டும் அல்லது கொட்டிவிட வேண்டும் என்பது எங்கள் எல்லாருடைய வீட்டிலும் உள்ள வழக்கம். அதைப் பிள்ளைகள் கண்முன்னே உடைத்துக் காட்ட வேண்டும் என்று மன்றத்தில் பேசி முடிவு செய்தோம். விடிவதற்குள் ஆக்கிய சோற்றை, புல் எதுவும் போடாமல், சூரியன் அதிகமாக மறைந்திருக்கும் நேரத்தில் எல்லாரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுவது. மதுரைப் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு படி அரிசியும் காய்கறியும் கொண்டுவந்தார்கள். அதனால் கூட்டாஞ்சோறு என்றே முடிவாயிற்று. பருப்பும் காய்களும் போட்டு, தேங்காய் அரைத்து ஊற்றி, செயலாளர் வீட்டில் அவருடைய மனைவி ஆக்கினார். சூடு ஆறாமல் இருக்க அண்டாவை மூடிச் சாக்கால் சுற்றிக் கொடுத்தார்.

வேனில் ஏற்றும்போது, "தேங்கா ஊத்துனது. உச்சிப்பொழுதுக்குள்ள போட்ருங்க" என்றார் அவர்.

"அடி இவளே, உச்சிப்பொழுதுல போட்டா அது வெறுஞ்சோறு. கெரகணத்துல போட்டாத்தான் பாடம்" என்றார் செயலாளர். எல்லாரும் சிரித்தோம். வேன் டிரைவர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் எங்களை இறக்கிவிட்டுவிட்டு, கிரகணம் பிடிப்பதற்கு முன் வீட்டுக்குள் போய்விட வேண்டும் என்று பரவைக்குத் திரும்பிவிட்டார்.

அந்தப் பிற்பகலைப் பற்றி எழுத எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அவ்வளவு நன்றாக இருந்தது. கிராமத்தின் கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன. பள்ளிக்கூட மைதானத்தில் நாங்களும் நாற்பது ஐம்பது பிள்ளைகளும் மட்டும். அட்டையில் விழுந்த சூரிய வட்டத்தின் ஓரத்தில் முதல் கடி விழுந்ததும் பிள்ளைகள் போட்ட சத்தத்தில் காக்கைகள் கிளம்பின. வெயில் மெல்ல மெல்ல நிறம் மாறியது. சாயங்கால வெயில் மாதிரி சிவக்கவில்லை. கழுவி வெளுத்த மாதிரி ஆயிற்று. வேப்பமரத்தடியில் இலைச் சந்துகள் வழியே விழும் வட்ட வட்ட வெளிச்சங்கள் எல்லாம் பிறைகளாகிவிட்டன. தரை முழுக்கப் பிறை. அந்த ஆறு வயதுப் பெண் பாவாடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, "ஏ, எம் பாவாடையில பாருங்க, எம்புட்டு!" என்று ஓடி ஓடி எல்லாரிடமும் காட்டினாள்.

அந்தக் கூச்சல் கேட்டுத்தான் அவளுடைய அம்மா கதவைத் திறந்திருக்க வேண்டும். கால்வாய்ப் பாலத்தைத் தாண்டி, தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, வானத்தைப் பார்க்காமல் தரையையே பார்த்தபடி வந்தாள். நான் கூப்பிடவில்லை. மகள் போய்க் கையைப் பிடித்து மரத்தடிக்கு இழுத்து வந்தாள். முந்தானையிலும் வயிற்றிலும் பிறைகள் விழுந்தன. அவள் ஒரு கையால் அவற்றைத் தட்டிவிடுவதுபோலத் தடவினாள். அப்புறம் சிரித்தாள்.

"நீயும் சாப்பிடு" என்று இலையை நீட்டினேன்.

"அது மட்டும் வேணாம் டீச்சர். வந்ததே போதும்" என்று திரும்பிப் போனாள். அவளுடைய மகள் இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டாள். என் மகளும் அவளும் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் பெரியவர்கள் பிள்ளைகளுக்குப் பரிமாறிவிட்டு, பேருக்கு ஒரு வாய் போட்டுக்கொண்டோம்.

ஐந்தரை மணிக்குள் எட்டுப் பிள்ளைகள் படுத்துவிட்டார்கள். ரோட்டில் ஒரு வண்டி இல்லை. கிரகணம் விட்டபின் குளித்து, வீட்டைக் கழுவிய பிறகுதான் ஊர் வெளியே வரும். செயலாளர் சைக்கிளில் பரவைக்குப் போய், ஈரத் தலையோடு இருந்த டிரைவரைக் கையோடு கூட்டி வந்தார். ஒவ்வொரு பிள்ளையாக வேனில் படுக்க வைத்தோம். என் மகளின் கை கால்கள் துவண்டு தொங்கின. கண்கள் உள்ளே போயிருந்தன.

அந்த ஆறு வயதுப் பெண் முன்பே வீட்டுக்குப் போயிருந்தாள்; அவளுக்கும் வாந்தி என்று கேட்டுக் கால்வாய்க்கு அந்தப் பக்கம் ஓடினேன். அந்தச் சின்னப் பெண்ணைக் கிரகணத் தீட்டுப் போக வேண்டும் என்று தலையோடு பச்சைத் தண்ணீரை ஊற்றி, ஈரத்தோடு பாயில் போட்டிருந்தார்கள். அவளுடைய அத்தை, அதாவது அப்பாவின் அக்காள், வாசலை மறித்து நின்றாள்.

"ஆஸ்பத்திரிக்கு வாங்க. எங்க வேன்லயே போயிரலாம்" என்றேன்.

"ஒங்க வேனும் வேணாம், நீங்களும் வேணாம். எந்தம்பி வரட்டும்."

உள்ளேயிருந்து அம்மாக்காரி என்னைப் பார்த்தாள்.  வேனில் டிரைவர் விடாமல் ஹாரன் அடித்தார். "அக்கா, ஒங்க பிள்ளைக்குப் பேச்சு மூச்சில்ல, வாங்க!" என்று செயலாளர் பாலத்தில் நின்று கத்தினார். நான் ஓடினேன்.

அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் எல்லாருக்கும் குளுக்கோஸ் ஏற்றச் சொல்லிவிட்டு என்னிடம் கேட்டார்.

"என்ன சாப்பிட்டாங்க?"

"கூட்டாஞ்சோறு."

"எப்ப ஆக்கினது?"

"விடியறதுக்கு முன்னாடி."

"எப்ப சாப்பிட்டாங்க?"

"மூணே முக்காலுக்கு."

"தேங்காய் போட்டு, மூடி வச்சு, மூணே முக்கால் வரைக்குமா? ஏம்மா, அதுவரைக்கும் எதுக்கு வச்சிருந்தீங்க?"

எதற்கு என்று அவரிடம் சொல்ல முயன்றேன். பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

மறுநாள் காலையில் என் மகள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். மற்ற பிள்ளைகளுக்கும் தெளிந்துவிட்டது. அவள் பாதிக் கஞ்சி குடித்திருந்தபோது வார்டுக்குள் ஓர் ஆள் தோளில் துண்டால் மூடிய பிள்ளையோடு ஓடி வந்தார். பின்னால் அந்தப் பெண், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. அவளுடைய வீட்டுக்காரர் கரும்புக் காட்டிலிருந்து விடிந்துதான் வந்திருக்கிறார். பிள்ளையைப் பார்த்ததும் தூக்கிக்கொண்டு நடந்தே பரவைக்கு வந்து முதல் பஸ்ஸைப் பிடித்திருக்கிறார். டாக்டர் பிள்ளையைக் கட்டிலில் கிடத்திப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்க்கவில்லை.

என் மகள் கஞ்சி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அம்மா, அது எம் பக்கத்துல உக்காந்திருந்த பாப்பாதான?" என்று கேட்டாள்.

*

விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். கிராமத்தில் ஒருவர்கூடச் சோற்றைக் குறை சொல்லவில்லை. "கெரகணந்தாய்யா. வீட்டுக்குள்ள இருன்னு பெரியவங்க சொன்னதக் கேக்கல, அடிச்சிருச்சு" என்று நிலமுள்ளவர்களும் சொன்னார்கள், கால்வாய்க்கு அந்தப் பக்கத்தவர்களும் சொன்னார்கள். அவ்வளவோடு விசாரணை முடிந்தது. நாங்கள் தப்பித்தோம். எந்த நம்பிக்கை பொய் என்று காட்டப் போனோமோ, அதுவே எங்களைக் காப்பாற்றியது.

தல்லாகுளத்தில் எங்கள் வீட்டில் மன்றத்தார் கூடினார்கள். யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. என் கணவர் அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர், நிதானமானவர். "அவங்களே கிரகணம்னு சொல்றாங்க. நீங்க எதுவும் பேச வேண்டாம். கொஞ்ச நாள்ல ஆறிரும்" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். நானும்தான்.

இரண்டு வாரம் கழித்துத் தலைமையாசிரியர் பஸ் ஏறி என் பள்ளிக்கு வந்தார். நின்றபடியே சொன்னார்.

"டீச்சரம்மா, அந்தப் பொண்ணு சாப்பிட மாட்டேங்குது. கெரகணம் தீண்டுன வயிறுன்னு நாத்தனா ஊரெல்லாம் சொல்லுது. பிறந்தா ஒதடு பிளந்துதான் பிறக்கும், கையி இருக்காது, காலு இருக்காதுன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாக. கலைக்கிறதுக்கு மருந்து கொடுக்க ஆளப் பாத்துக்கிட்டு இருக்காக. அஞ்சு மாசம் தாண்டிருச்சு. தாயும் சேந்து போயிரும்."

அன்று மாலை கணவரிடமும் செயலாளரிடமும், நான் போய்ச் சொல்லப் போகிறேன் என்றேன்.

"என்னன்னு?" என்றார் கணவர்.

"சோறு கெட்டுப் போயிருந்துச்சுன்னு. அவ பிள்ளை அதுலதான் செத்துச்சு, கிரகணத்துல இல்லன்னு."

செயலாளர் குறுக்கிட்டார். "அக்கா, கேஸ் கீசுன்னு வந்தாக்கூட நான் பாத்துக்கிருவேன். ஆனா சோறு ஆக்குனது யாரு? எம் பொண்டாட்டி. அது அந்த வட்டாரத்துப் பொண்ணு. சந்தைக்குப் போக வேணாமா? தண்ணிக்குப் போக வேணாமா?"

"உச்சிக்குள்ள போடச் சொன்னதும் அவங்கதான்னு சேர்த்தே சொல்றேன்."

"அத யாரு அக்கா காதுல வாங்குவா?"

அவர் சொன்னதுதான் பின்னால் நடந்தது. பரவைச் சந்தையில் அவருடைய மனைவியைப் பார்த்துப் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒரு விசேஷ வீட்டில் அவர் கரண்டியைத் தொட்டதும் வாங்கி வைத்துவிட்டார்கள். செயலாளர் என்னோடு சண்டை போடவில்லை. மன்றத்துக்கு வருவதை நிறுத்திக்கொண்டார், அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். மகளையும் கூட்டிப் போனேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அவளைக் கண்ணுக்கு மறைவாக விட்டுவிட்டு என்னால் எங்கும் இருக்க முடியவில்லை. பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் தூங்கினால்கூட மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பேன்.

வாசலில் நாத்தனார் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் தெருவுக்கே கேட்கும்படி, "வந்துட்டாகடி, சூரியனப் புடிச்சு அட்டையில காட்டுனவுக! இந்தத் தடவை எதக் காட்டப் போறீக டீச்சர், சந்திரனயா?" என்றாள். பத்திருபது பேர் கூடிவிட்டார்கள். வீட்டுக்காரர் சுவரோரம் எழுந்து நின்றார். அந்தப் பெண் உள்ளே இருட்டில் உட்கார்ந்திருந்தாள். முகம் பாதியாகியிருந்தது.

நான் நின்றபடியே எல்லாருக்கும் சொன்னேன். விடியற்காலையில் ஆக்கியது, தேங்காய் ஊற்றியது, ஆக்கியவர் சீக்கிரம் போடச் சொன்னது, நாங்கள் கிரகணத்துக்காக வைத்திருந்தது, டாக்டர் கேட்டது. 

அவள் எழுந்து வாசல்படிக்கு வந்தாள்.

"அப்ப கெரகணம் ஒண்ணும் செய்யல."

"செய்யல."

"நீங்க போட்ட சோறுதான்."

"ஆமா."

"போடுறதுக்கு முன்ன மோந்து பாக்கலையா?"

"பார்க்கல."

கூட்டத்தில் ஒரு கிழவர் "அடப் பாவிகளா" என்றார். அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் வெளிய வந்தனே. வயித்துல எல்லாம் விழுந்துச்சே. இதுக்கு?"

"அதால உன் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது. அது வெறும் வெளிச்சம்தான்மா."

"வாயில சொன்னா எனக்குப் பத்தாது. அன்னைக்கும் இப்படித்தான் சொன்னீக." அவள் என் பக்கத்தில் நின்ற மகளைக் காட்டினாள். "அது தலையில கைய வச்சுச் சொல்லுங்க. எம் பிள்ளை முழுசாப் பெறக்கும்னு."

கிரகணத்தால் கெடுதல் வராது என்று நான் எத்தனை சத்தியம் வேண்டுமானாலும் செய்யலாம். பிள்ளை முழுசாகப் பிறக்கும் என்று யாரால் சொல்ல முடியும்? கிரகணமே இல்லாத வருடங்களிலும் உதடு பிளந்த பிள்ளைகள் பிறக்கத்தான் செய்கின்றன. சாப்பிடாமல் கிடந்த தாய்க்கு எது வேண்டுமானாலும் நடக்கலாம். நான் படித்த படிப்பு அவ்வளவையும் அந்த வாசலில் நின்று யோசித்தேன். அதை எடுத்துச் சொல்ல ஆரம்பித்தால் அவள் உள்ளே போய்விடுவாள், மருந்து கொடுக்க ஆள் வந்துவிடும் என்பதும் தெரிந்தது.

தலையில் கை வைத்துச் சத்தியம் செய்வதெல்லாம் அர்த்தமற்றது என்று சனிக்கிழமை வகுப்புகளில் எத்தனையோ தடவை சொன்னவள் நான். என் மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவளுடைய தலை வெயிலில் சுட்டுக் கிடந்தது. கையை வைத்தேன். சொன்னேன்.

அந்தப் பெண் தலையை அசைத்துவிட்டு உள்ளே போனாள். நாத்தனார் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வீட்டுக்காரர், "அக்கா, வாய மூடு" என்றார்.

அதற்கப்புறம் அவள் சாப்பிட ஆரம்பித்துவிட்டாள் என்று தலைமையாசிரியர் சொல்லியனுப்பினார். பங்குனியில் அவளைத் தாய் வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டார்கள் என்றும் சொன்னார். உசிலம்பட்டிக்கு அந்தப் பக்கம் ஏதோ ஓர் ஊர். ஊர்ப் பெயர் அவருக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமைகளில் ஆனையூருக்குப் போய்க் கொட்டகையைத் திறந்து வைத்தேன். முதல் வாரம் மூன்று பிள்ளைகள் வந்தார்கள். அடுத்த வாரம் ஒருவரும் வரவில்லை. பெற்றோர்களை நான் குறை சொல்லவில்லை. நானாக இருந்தாலும் அனுப்பியிருக்க மாட்டேன். கொட்டகைக்கு உரிய உறுப்பினர் தயங்கித் தயங்கி, அதில் கட்ட மாடு ஒன்று வாங்கப் போகிறேன் என்றார். தொலைநோக்கியை என் வீட்டு அலமாரிக்கு மேலே கொண்டுவந்து வைத்தோம். கண்ணாடியைக் கழற்றித் துணியில் சுற்றி வைத்தது என் மகள்தான்.

சித்திரை, வைகாசி, ஆனி. மனத்துக்குள் மாதம் எண்ணினேன். அந்த நாட்களில் எனக்கு என்ன நடந்தது என்று இப்போதும் முழுசாக விளங்கவில்லை. மகளுக்குச் சாதாரணச் சளி பிடித்தால்கூட உடனே அந்தப் பெண்ணின் பிரசவம் என்னாயிற்று என்ற நினைப்பு வரும். அங்கே ஏதாவது குறை பிறந்திருக்குமோ, அதனால்தான் இங்கே இருமுகிறாளோ என்று. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று எனக்குத் தெரியாதா? தெரியும். கரும்பலகையில் எழுதிக் காட்டவும் முடியும். ஆனாலும் வகுப்பு நடத்திக்கொண்டிருக்கும்போதே கை நின்றுவிடும். ஒருநாள் மகள் பள்ளியிலிருந்து வரக் கொஞ்சம் தாமதமானதற்கு, தல்லாகுளத்தில் பஸ் நிற்கும் இடம் வரை செருப்பில்லாமல் ஓடினேன். கணவர் டாக்டரிடம் கூட்டிப் போனார். தூக்க மாத்திரை கொடுத்தார்கள்.

"நீ அன்னைக்கு அந்தச் சத்தியத்த நம்புனியா?" என்று கணவர் ஒருநாள் கேட்டார்.

"நம்பல."

"அப்புறம் என்ன?"

"அவ நம்பினாளே" என்றேன்.  மகளிடம் மட்டும் இதைப் பேசியதே கிடையாது. அவளுக்கு இப்போது பதினாறு வயது ஆகிவிட்டது. இன்றும் தட்டில் போடும் எதையும் நான் முகர்ந்து பார்த்த பிறகுதான் அவள் கை வைப்பாள். ஏன் என்று கேட்பதில்லை.

அந்த வருடம் ஆனி முடியும்போது பரவைச் சந்தைக்குப் போனேன். அந்த ஊர்க்காரர்கள் யாராவது கண்ணில் பட்டால் கேட்கலாம் என்று. ஒரு பெண் என்னை அடையாளம் கண்டு, கேட்டதற்குப் பதில் சொல்லாமல் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். தலைமையாசிரியரும் மாற்றலாகிப் போயிருந்தார். கேட்பதற்கு ஆள் இல்லை.

ஆடி பிறந்து காற்று அடிக்கத் தொடங்கியிருந்தது. ஒரு விடுமுறை நாள், மத்தியான நேரம். கணவர் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார். மகள் உள்ளே படித்துக்கொண்டிருந்தாள். வெளிக் கேட்டின் கொக்கியை யாரோ தட்டும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். அந்தப் பெண்ணின் வீட்டுக்காரர். துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, புழுதிக் காலோடு நின்றார். 

"உள்ள வாங்க" என்றேன்.

"இல்ல டீச்சர். பஸ்ஸுக்குப் போகணும்."

"தண்ணியாவது..."

"வேணாம்." அவர் வீட்டுக்குள் ஒருமுறை பார்த்தார். என் மகளின் படிக்கும் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. "ஒங்க மக நல்லா இருக்காள்ல?"

"இருக்கா."

அவர் தலையாட்டினார். கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.  கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

"பொட்டப் புள்ள. பெறந்து ஒரு மாசத்துக்கு மேலாச்சு" என்றார். "கண்ணு, காது, ஒதடு, கையி, காலு, எல்லாம் சரியா இருக்கு. ஒரு கொறையும் இல்ல."

நான் கேட்டைப் பிடித்துக்கொண்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் தெருப் பக்கம் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அவளுக்குத் தெரியாமத்தான் வந்தேன். போயிச் சொல்லிப்புட்டு வரட்டுமான்னு கேட்டேன். கூடாதுன்னுட்டா. எனக்கு மனசு கேக்கல, வந்துட்டேன். ஆனா அவ சொன்னதையும் சேத்துச் சொல்லிப்புடணும்ல, அதான மொறை? 'சொன்னா டீச்சருக்கு மனசு ஆறிப்போயிரும், சொல்லாதீக. மக தலையில கை வச்சத நெனச்சுக்கிட்டே கெடக்கட்டும்'னா."